கல் நத்தையின் அலங்காரம்

கடலோரப் பாறை சரிந்தபோது, டைனோசர் காலத்துக் கடல் நத்தையின் ஓடு ஒன்று மணலில் வந்து விழுந்தது. அது முழுக்கக் கல்லாகியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு துறவி நண்டு வீடு தேடி அலைந்துகொண்டிருந்தது. அது வளர்ந்துவிட்டதால், குடியிருந்த சங்கு போதாமல் பாதி உடம்பு வெளியே தெரிந்தது.

"ஐயா, உள்ளே இடம் இருக்குமா?"

"முதலில் வெளியே பார், தம்பி" என்றது கல் ஓடு. "ஒவ்வொரு சுற்றிலும் நெடுக வரிகள். குறுக்கே நூல் போலக் கோடுகள். இரண்டும் சேரும் இடத்தில் முத்து முத்தாகப் புடைப்பு. இந்த வேலைப்பாடு இப்போது எவனுக்கு வரும்?"

"அழகுதான். ஆனா மேலே கடற்பறவை சுத்துதே, ஐயா!"

"அவசரப்படாதே. என் வாய் விளிம்பில் உதட்டு ஓரம் தடித்திருப்பதைக் கவனித்தாயா?"

பறவை பாய்ந்தது. நண்டு தன் சங்கை உதறிவிட்டுக் கல் ஓட்டின் வாய்க்குள் நுழையப் பார்த்தது. உள்ளேயும் கல்தான். பதறிப்போய், பக்கத்தில் காலியாகக் கிடந்த, வரியோ புடைப்போ இல்லாத மொழுக்கைச் சங்கு ஒன்றுக்குள் புகுந்துகொண்டது. பறவை இரண்டு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"தம்பி, போய்விட்டாயா? உச்சிச் சுருளைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லையே!"

"இங்கேதான் இருக்கேன், ஐயா" என்று சங்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "இப்ப சொல்லுங்க, நிம்மதியா கேக்கறேன்."