முன்னுக்கு ஒரு இடம்

புலம்பெயர்ந்து வந்த நகரின் பிரான்காச்சோப் பகுதியில் சுஜீவன் நடத்தும் கராஜுக்குள் பேனாட் நுழைந்ததுமே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தம்பி, என்ரை ஏழு சீற் ஜீப்புக்கு நாலு ஷொக் அப்சோபர் வேணும். பழசு செத்துப்போச்சு."

"இறுக்கமானதோ, மெத்தெண்டதோ அண்ணை? எத்தினை பேர் ஏறுவியள்?"

"மனுசி, மாமி, நாலு பிள்ளையள். மனுசிதான் வாகனம் ஓடுறவ. நான் எப்பவும் முன்னுக்கு."

"பள்ளத்திலை விழேக்கை எப்பிடி?"

"சரியான ஆட்டம். சின்னவளின்ரை முகத்தைக்கூடப் பாக்கேலாமல் கிடக்கு."

சுஜீவன் சிரித்துக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தான். பேனாட்டின் பழைய ஸ்கூட்டர் மட்டும்தான் நின்றது.

"வாகனத்தைக் கொண்டாங்கோ அண்ணை. உயர்த்திப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"அது ஊரிலை, மன்னாரிலை நிக்குது. கார்கோவிலைதான் சாமானை அனுப்பவேணும்."

"அப்ப நீங்கள் எப்பிடி அண்ணை முன்னுக்கு?"

பேனாட் தன் கைபேசியைத் தடவினார்.

"ஞாயிறு பூசைக்குப் போகேக்கை வீடியோ கோல் எடுத்து, போனை முன்கண்ணாடியிலை ஒட்டிவிடுவினம். நான் எல்லாரையும் பாத்துக்கொண்டு போவன்."

சுஜீவன் ஷொக் அப்சோபர் அடுக்கிய தட்டுப் பக்கம் திரும்பினான்.

"இறுக்கமோ மெத்தோ, எதெண்டாலும் தா தம்பி. கோயில் வருமட்டும் அவையின்ரை முகம் ஆடாமல் தெரிஞ்சாக் காணும்."