மதிப்பு

"ஏழு வெள்ளி நாப்பது காசா? உள்ள என்னங்க ஐயா, யானைக்குட்டியா?"

தபாலாபீஸ் கிராணி தங்கராஜு தலையைத் தூக்கவில்லை. "யானையெல்லாம் தபால்ல எடுக்கிறதில்ல. உனக்கு வந்திருக்கிறது பார்சல். பணத்தக் கட்டு, எடுத்துக்கிட்டுப் போ."

சின்னத்தம்பி அசரவில்லை. புக்கிட் காத்தில் தோட்டத்திலிருந்து மலாக்கா டவுன் வரைக்கும் வெயிலில் நடந்து வந்த களைப்புகூட முகத்தில் இல்லை. பார்சலை வந்து எடுத்துக்கொள்ளும்படி தபாலாபீஸ் அனுப்பிய சீட்டில் நாகப்பட்டினத்து முத்திரை இருக்கிறது என்று தோட்டத்தில் நாலு பேர் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நாகப்பட்டினத்துப் பக்கம் அவனுக்கென்று இருப்பது பெண்டாட்டி ராமாத்தாள் ஒருத்திதான். போன தீபாவளிக்கு அவளுக்குச் சேலை அனுப்பினான். எட்டு மாதமாகப் பதில் இல்லை. பதில் வராத ஒவ்வொரு மாதமும் தோட்டத்து லயத்து வீடுகளில் ராமாத்தாளுக்கு ஒரு புதுப் புருஷனைக் கட்டி வைத்தார்கள்.

அந்தக் கல்யாணங்களையெல்லாம் முன்நின்று நடத்தியவன் பக்கத்து வீட்டுக் காளிமுத்து. அதனாலேயே அவனைச் சாட்சிக்கு இழுத்து வந்திருந்தான் சின்னத்தம்பி.

"யாருங்க ஐயா அனுப்பினது? பேரு போட்டிருக்கா?" என்றான், காளிமுத்துவின் காதில் விழும்படியாக.

"அதெல்லாம் பார்சல் மேல இருக்கும். பார்சல் கிட்டங்கியில இருக்கு. பணம் கட்டினாத்தான் வெளிய வரும்."

காளிமுத்து நடுவில் புகுந்தான். "இந்த ஊர்ல துணிமணிக்கு வரியே கிடையாதுன்னு இப்ராஹிம் ராவுத்தர் கடையில சொன்னாங்களேங்க? சாராயத்துக்கும் புகையிலைக்குந்தானே வரி?"

"வரின்னு நான் சொன்னேனா? இது சார்ஜ். வரி வேற, சார்ஜ் வேற."

"என்னங்க வித்தியாசம்?"

"வரின்னா எதுக்குன்னு சொல்லணும்."

காளிமுத்து விரல்விட்டு எண்ணினான். "நாளுக்கு நாப்பது காசு சம்பளம். பதினெட்டரை நாள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தாத்தான்டா ஏழு வெள்ளி நாப்பது. வேணாம், விட்டுடு. உள்ள நாலு முறுக்கும் ஒரு கருவாடும் இருக்கும்."

"இருந்தா இருக்கட்டும். அவ கை பட்ட கருவாடு."

சின்னத்தம்பி இடுப்பு வாரை அவிழ்த்தான். அதற்குள் இருபத்துமூன்று வெள்ளி இருந்தது. ராமாத்தாளைக் கப்பலேற்றி வரவழைக்க மூன்று வருஷமாகச் சேர்த்தது. இன்றைக்கே ராவுத்தர் கையில் கொடுத்து டிக்கெட்டுக்குச் சொல்லிவிடுவதாக இருந்தான்.

காளிமுத்துவுக்கே பொறுக்கவில்லை. "டேய், கப்பல் காச உடைக்காதடா! இத எடுத்தீன்னா இன்னும் ஒரு வருசம் ஆகும் அவ இங்க வந்து சேர."

"ஆசையா அனுப்பியிருக்கா. அத வாங்காம விட்டேன்னு தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளக் கூப்பிடறது? நான் என்ன லேசான சேலையா அனுப்பினேன்? நாப்பது வெள்ளிச் சேலை!"

"நாலு வெள்ளி. ஜப்பான் பட்டு. வாங்கறப்ப நானுந்தான் கூட நின்னேன்."

"வாங்கினது நாலு. பார்சல் மேல மதிப்பு நாப்பதுன்னு ராவுத்தர எழுதச் சொன்னேன்லா! தபால்காரன் தெருவே கேக்கப் படிப்பான். ஊர்ல அவளுக்கும் ஒரு மதிப்பு வேணாமா?"

கிராணி பணத்தை இரண்டு தடவை எண்ணினார். சீட்டில் முத்திரை குத்தினார். அது சரியாக விழவில்லை என்று இன்னொன்று குத்தினார். அப்புறந்தான் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் அழுக்கேறிய மாவுப் பையில் வைத்துத் தைத்த பொட்டலம் ஒன்று இருந்தது.

காளிமுத்து குனிந்து பார்த்தான். "இதென்னடா, நம்ம தோட்டத்துக் கடை மாவுப் பையாட்டம் இருக்கு? சேவல் படங்கூட அதேதான்."

"நான் அனுப்பின பைதான்டா அது! பத்திரமா வச்சிருந்து அதுலயே போட்டு அனுப்பியிருக்கா பாரு, சிக்கனக்காரி." சின்னத்தம்பி பையைத் தடவிப் பார்த்தான். "இப்பச் சொல்லு, இவளா இன்னொருத்தன் கூடப் போறவ?"

காளிமுத்து பையை விட்டு நிமிர்ந்தான். ராமாத்தாளின் எட்டுப் புருஷன்மார்களையும் இன்று சாயந்தரமே லயத்தில் அவன் தன் வாயால் தீர்த்து வைக்க வேண்டியிருக்கும்.

"அனுப்பினது யாருன்னு இப்பப் படிங்க ஐயா. இவன் காதுல நல்லா விழட்டும்."

கிராணி பொட்டலத்தைத் திருப்பினார். "அனுப்பினவர், சின்னத்தம்பி, புக்கிட் காத்தில் தோட்டம், மலாக்கா."

"அது நானுங்களே."

"நீதான். திரும்பி வந்திருக்கு." ஓரத்தில் ஒட்டியிருந்த தாளை அதே குரலில் தமிழாக்கிப் படித்தார். "பட்டுச் சேலை. மதிப்பு நாற்பது வெள்ளி. இந்தியாவில் இறக்க வரி முப்பத்தோரு ரூபாய். பெறுபவர் தவணை கேட்டார். மறுபடியும் தவணை கேட்டார். கட்ட வகையில்லை என்று திருப்பிவிட்டார்."

சின்னத்தம்பி அவிழ்ந்த வாரைக் கையில் பிடித்தபடியே நின்றான். "அப்ப நான் கட்டின ஏழு வெள்ளி நாப்பது காசு?" என்றான்.

"திரும்பி வந்த கூலி ஒரு வெள்ளி. மத்ததெல்லாம் அங்க கிட்டங்கியில கிடந்த வாடகை. அவ தவணை கேட்ட ஆறு மாசத்துக்கு." கிராணி தாளை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார். எட்டு மாதமாக அவன் காத்திருந்த பதில் அதன் அடியில் இருந்தது: ஒன்றன்கீழ் ஒன்றாக, ராமாத்தாளின் கட்டைவிரல் ரேகை மூன்று.