சாலமனின் கூறு

யுகாதிக்கு மறுநாள், ஈஜிபுராவில் ஒரே வீட்டில் குடியிருக்கும் ஐந்து குடும்பமும் பணம் போட்டு ஓர் ஆடு வாங்குவார்கள். வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா முன்னால் நின்று கூறு போடுவார்.

நாலு கூறு நல்ல கறி. ஐந்தாவது, கீழ் வீட்டு சாலமனுடையது: குடல், ஈரல், சுவரொட்டி, தலை, கால். பேருக்குக் கொஞ்சம் கறி.

முதல் வருஷம் மற்றவர்கள் அதையெல்லாம் குப்பையில் போடப் பார்த்தபோது, உயிரை எடுத்துவிட்டுப் பாதியை வீசுவது பாவம் என்று சொல்லி சாலமனே முன்வந்து எடுத்துக்கொண்டார். ஆட்டோ ஓட்டுகிறவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று புகழ்ந்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது.

இந்த வருஷம் மாடிக்குப் புதிதாக வந்த ஐ.டி. கம்பெனிக்காரன் சாய்கிருஷ்ணா, கூறுகளைப் பார்த்ததும் கொதித்துவிட்டான்.

"எல்லாரும் சமமாத்தானே பணம் போட்டோம்? இவருக்கு மட்டும் கழிச்சுக் கட்டினதா? என்னால பார்த்துட்டு சும்மா இருக்க முடியாது."

எல்லாரும் தலைகுனிந்தார்கள்.

சாலமன் பதறினார். "பரவாயில்ல தம்பி, எனக்குப் பழகிடுச்சு. விட்டுடுங்க."

அவர் மறுக்க மறுக்கக் கிருஷ்ணப்பாவுக்குக் கண் கலங்கியது. "ஹௌதப்பா, ஆமா, தப்பு நம்மதுதான்" என்று எல்லாவற்றையும் கலைத்து, குடலிலிருந்து கால் வரை ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தார்.

சாலமன் நல்ல கறியோடும் தொங்கிய முகத்தோடும் வீட்டுக்குப் போனார்.

மனைவி டோரதி பாத்திரத்தைத் துழாவி, ஒரு முழக் குடலைத் தூக்கிக் காட்டினாள். "இவ்வளவுதானா?"

"நியாயம் கிடைச்சிடுச்சு" என்றார் சாலமன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பெரிய குண்டானோடு சாய்கிருஷ்ணா நின்றான். உள்ளே நிறைய குடலும் ஈரலும். மற்ற வீடுகளில் அதைக் கழுவத் தெரியாமல் விழித்தார்களாம். வீணாக வேண்டாமே என்று வாங்கி வந்தானாம்.

"நான் தங்கவயல்காரன்ணா. எங்க வீட்ல சண்டையே குடலுக்குத்தான் வரும். ஆனா எனக்குச் சமைக்க வராது. அக்கா செஞ்சு கொடுத்தா ஆளுக்குப் பாதி."

அவன் முடிப்பதற்குள் குண்டான் டோரதியோடு அடுப்படிக்குப் போய்விட்டது.

சாலமன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "அப்போ கொஞ்சம் முன்னாடி எனக்காகப் பேசினது?"

"இருக்கிற நல்லதையெல்லாம் நீங்க ஒருத்தரே அள்ளிட்டுப் போனா எப்படிண்ணா பொறுக்கும்?"