நூல் பிடித்த கோடு

"நாளைக்குக் காலையில பொக்லைன் வருது. இப்ப போய்க் குழி தோண்டிப் பார்க்கணும்னா எப்படிம்மா?"

இன்ஜினியருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. சாலையை அகலப்படுத்துமுன் மண்ணுக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாயை இடம் மாற்ற வேண்டும். அதற்கான வரைபடத்தை முடித்துத் தராமல் அடம்பிடித்தார் வரைவாளர் அம்மாள்.

"நாலு இடத்துல கையால தோண்டி, குழாயைக் கண்ணால பார்த்தப்புறம்தான் சார் கோடு போடுவேன்."

"பதினேழு வருஷத்துக்கு முந்தின படம் இருக்கே. ஓரத்துலேர்ந்து ஒன்றரை மீட்டர்ல, நூல் பிடிச்ச மாதிரி போகுது. இதுவரைக்கும் யாராவது தப்புன்னு சொன்னாங்களா?"

"இதுவரைக்கும் யாரும் அங்க தோண்டலை சார்."

"வரைஞ்சவங்க நேர்ல போய்ப் பார்க்காமலா வரைஞ்சிருப்பாங்க?"

அம்மாள் பழைய படத்தைத் தன் பக்கம் இழுத்து, மூலையில் மங்கிக் கிடந்த கையெழுத்தை விரலால் தடவினார்.

"போகலை சார். அன்னிக்கு நல்ல மழை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஸ்கேலை வெச்சுக் கோடு இழுத்தாச்சு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கையெழுத்துதான் சார். இனிஷியல் மட்டும் கல்யாணத்துக்கு முந்தினது."