வாசலைத் தாண்டக் கூடாது

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கே?"

போன வருஷம் கல்வித்துறை மேற்பார்வையாளர் எவாரிஸ்தோ, தீவுப் பள்ளிச் சமையல்காரி ஒத்திலியாவிடம் கேட்ட கேள்வி இது. சாப்பாட்டு அறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, தீப்பிடித்தால் பிள்ளைகள் முண்டியடித்து மாட்டிக்கொள்வார்கள் என்று அவள் சொல்ல வாயெடுத்த நேரம்.

"ஆறாவதுங்க" என்றாள்.

"அப்ப போய் அண்டாவைக் கிண்டு" என்றார். அன்றிலிருந்து அவர் முன்னால் அவள் வாயே திறப்பதில்லை.

அதே எவாரிஸ்தோ இன்று முன்கூட்டிச் சொல்லாமல் காலைப் படகில் வந்து இறங்கிவிட்டார். கையில் அவரே எழுதிய நாற்பத்தெட்டுப் பக்கத் திட்டம். ஆபத்து வந்தால் பள்ளியும் தீயணைப்புப் படையும் எப்படித் தொடர்பு கொள்வது என்று அதில் இருந்தது. சோதனையில் தேறாத பள்ளியை டிசம்பரோடு மூடிவிட்டு, பிள்ளைகளைப் பெரிய தீவுக்குப் படகில் அனுப்புவார்களாம். ஒத்திலியாவின் மகள் மாய்த்தேவுக்கு ஏழு வயது. படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பவள்.

மணி அடித்தது. அறுபத்து மூன்று பிள்ளைகளும் ஆசிரியர்களும் வாட்ச்மேனும், இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு ஒத்திலியாவும் தூறலில் வரிசையாக நின்றார்கள்.

"விதி ஏழு!" என்று எவாரிஸ்தோ படித்தார். "தீயணைப்புப் படை வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தரும் வாசலைத் தாண்டக் கூடாது. விதி எட்டு, ஹெட்மாஸ்டரைத் தவிர யாரும் பேசக் கூடாது. பேசினா பத்து மார்க் போச்சு."

ஹெட்மாஸ்டர் இக்னாசியோ தலைநகரிலிருந்து வந்து எட்டு நாள்தான் ஆகிறது. போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்து எண்ணை அழுத்தினார்.

எதிர்ச் சாரியில்தான் நிலையம். அங்கே போன் அடிப்பது இங்கே நன்றாகக் கேட்டது. கணக்கு வாத்தியார் லெயாந்த்ரோவின் வலது கால் தானாக ஓர் எட்டு முன்னே போய் நின்றது. விளையாட்டு டீச்சர் யஸ்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒத்திலியாவின் கை ஏப்ரன் பைக்குள் போய் எதையோ இறுகப் பிடித்தது.

"ரிங் போகுது சார். எடுக்கலை."

"மறுபடி அடிங்க."

மறுபடியும் அடித்தது. "அம்மா, போன் அடிக்குதும்மா" என்றாள் மாய்த்தே. ஒத்திலியா அவள் வாயைப் பொத்தினாள்.

"மைனஸ் பத்து" என்றார் எவாரிஸ்தோ.

வாட்ச்மேன் நொல்பெர்த்தோவுக்குப் பொறுக்கவில்லை. "சார், அது என்னன்னா..."

"இன்னொரு பத்து!"

சமையலறைப் பக்கமிருந்து தீய்ந்த வாடை வந்தது. எவாரிஸ்தோ மூக்கை உறிஞ்சினார். "அட, புகைக்குக் கூட ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே! இதுக்கு அஞ்சு மார்க் போடறேன்."

அது அறுபத்து மூன்று பேருக்கான மொச்சை அடுப்பில் தீய்கிற வாடை. ஒத்திலியா மெதுவாகக் கையைத் தூக்கினாள். அவர் பார்த்த பார்வையில் கை கீழே இறங்கிவிட்டது.

"ஆறு நிமிஷம்!" எவாரிஸ்தோ கடிகாரத்தைத் தட்டினார். "நிஜத் தீயா இருந்தா இந்த மரக் கட்டடம் இந்நேரம் கரியாப் போயிருக்கும். அந்தச் சிவப்பு வண்டியைப் பாருங்க, மூஞ்சி தெரியற அளவுக்குத் துடைச்சு வச்சிருக்கானுங்க. போனை எடுக்கத்தான் நாதியில்லை. எங்கேயாவது அடுப்போரமா உக்காந்து மாத்தே டீ உறிஞ்சிக்கிட்டு இருப்பானுங்க. செப்டம்பர் சுதந்திர தின அணிவகுப்புன்னா மட்டும் தொப்பியை மாட்டிக்கிட்டு முதல் ஆளா வந்து நிப்பானுங்க!"

பேனாவைத் திறந்தார். வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். "தீயணைப்புப் படையோடு தொடர்பு... அறவே இல்லை. பரிந்துரை... பள்ளியை மூடிவிடலாம்."

ஒத்திலியா மகளைப் பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"சார்."

"விதி எட்டும்மா!"

"கழிக்கறதுக்கு இன்னும் மார்க் மிச்சம் இருக்குங்களா?"

எவாரிஸ்தோ நிமிர்ந்தார். "நீயா! உன் வேலை அண்டாவைக் கிண்டறது, அது தெரியுதா உனக்கு?"

"தெரியுதுங்க. போன் அடிக்கறதும் தெரியுது."

"அப்படியா? அந்தப் போனை எடுக்க வேண்டிய சோம்பேறி யாருன்னும் தெரியுமோ? பேரைச் சொல்லு, எழுதிக்கறேன்."

ஒத்திலியா ஏப்ரன் பைக்குள்ளிருந்து சிவப்பு நாடா கட்டிய தீயணைப்பு நிலையத்துச் சாவியை எடுத்துக் காட்டினாள்.

"ஒத்திலியா. நான்தாங்க."

பேனா அந்தரத்தில் நின்றது. "நீயா? அப்போ... வண்டி ஓட்டறவன்?"

நொல்பெர்த்தோ கையைத் தூக்கினார்.

"படைத் தலைவன்?"

கணக்கு வாத்தியார் முன்னே நீண்டிருந்த காலைப் பின்னால் இழுத்து விறைப்பாக நின்றார். யஸ்னாவின் கை உயர்ந்தது. பின்வரிசையில் இன்னும் நான்கு கைகள் உயர்ந்தன. ஹெட்மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்கவும் மறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எதிரே அது இன்னமும் அடித்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தீவுல சம்பளமில்லாத தீயணைப்புப் படையே நாங்கதாங்க. நீங்க மட்டும் வாசலைத் தாண்ட விட்டீங்கன்னா, ஒரே நிமிஷத்துல வந்து சேர்ந்துடுவோம் சார்" என்றாள் ஒத்திலியா.

எவாரிஸ்தோ எழுதிய தாளைக் கிழித்து, நான்காக மடித்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் மழைக்குத் தலைமேல் பிடித்தபடி, ஏழாம் விதியை முதல் ஆளாக மீறி, வாசலைத் தாண்டிப் படகுத்துறைப் பக்கம் நடந்தார்.