அனு புரண்டு படுத்த நாள்

கெர்ரி மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு எதிரே இருக்கும் இரட்டை மலைகளை அனுவின் மார்புகள் என்போம். பழைய தெய்வமான அவள் அங்கே மல்லாந்து படுத்திருக்கிறாளாம். ஊர் நாட்காட்டியின் அட்டைக்கு அவளைப் படமெடுக்கும் பொறுப்பு எங்கள் ஊர்ப் புகைப்படக்காரி ஈத்னாவிடம் வந்தது. ஒன்பது நாளாக மேகம் விலகவில்லை. அன்று மாலைக்குள் படம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

"போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறா. எழுப்பாத," என்றான் அவள் கணவன் டைக், ரொட்டியைக் கடித்தபடி.

"உன்ன மாதிரியே சோம்பேறி," என்றாள் ஈத்னா. மேகத்தையாவது எடுப்போமே என்று ஒரே ஒருமுறை பொத்தானை அமுக்கினாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் மேகமே இல்லை. மலைகள் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் ஒன்றின் பின்னால் ஒன்றாக இருந்தன, ஒருக்களித்துப் படுத்தவளுக்கு இருப்பதுபோல. உச்சிகளில் இருக்கும் கற்குவியல்கள் இரண்டும் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தன.

டைக் ரொம்ப நேரம் பார்த்தான். "நல்லாத்தான் விழுந்திருக்கா. அனுப்பிடு."

நாட்காட்டி இப்போது எல்லார் வீட்டிலும் தொங்குகிறது. மலையடியில் குடியிருக்கும் டைக்கின் அண்ணன் மட்டும், மேகம் இறங்கினால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுகிறார்.

"இன்னொரு தடவ அவ பொரண்டான்னா என் வீடு என்னத்துக்கு ஆவும்?" என்று சிரித்துக்கொண்டே தேநீருக்கு உட்காருவார்.

நாங்களும் சிரிப்போம், மெதுவாகத்தான். மேகம் விலகும்வரை ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.