பம்பரில் ஒரு கொக்கி

"பிச்சுக்கிட்டா எங்க போயி அடிக்கும், அண்ணே?"

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, பத்துமலை அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். சிம்பாங் பூலாயில் அவர் பட்டறை போட்ட நாளிலிருந்து, வண்டிக்கு இழுவைக் கொக்கி கேட்டு வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு பாரம் இழுக்கும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பிய்ந்தால் யாரை அடிக்கும் என்று கேட்டவள் இவள்தான்.

எல்ஸி என்று பேர் சொன்னாள். ஜீப்புக்கு ஒரு புதுப் பின்பக்கப் பம்பரை மட்டும் டாக்சியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வண்டி எங்கே என்றால், வீட்டில் நிற்கிறது என்கிறாள். மடியில் ஒரு சாக்குப்பை; முக்காலியில் உட்கார்ந்தவள் அதைக் கீழே வைக்கவே இல்லை.

"கொக்கிய இந்தப் பம்பர்லயே ஒட்டிக் குடுங்க. போலே தானே, முடியும்ல?"

"தாப்போலே லா! முடியாதும்மா. பம்பர் வெறுந் தகரம். சேத்துல மாட்டுன லோரிய இதுல கட்டி இழுத்தா, கொக்கி தகரத்தோட பிச்சுக்கிட்டுப் போயிரும். வண்டியக் கொண்டா. அடிச்சட்டத்துல துளை போட்டு, உள்ளாற தகடு குடுத்து, போல்ட்டு முறுக்கித் தாரேன். அரை நாளு வேலை."

"பம்பர்ல ஒட்டுனா?"

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். அதுக்காக?"

"அப்ப அதுவே போதும்."

வெளியே மழை வலுத்துக்கொண்டு வந்தது. எதிரில் இருந்த சுண்ணாம்பு மலை கண்ணுக்குத் தெரியவில்லை. பத்துமலைக்கு ஏனோ மனசு சரியில்லை.

"யாரு ஓட்டுற வண்டிம்மா இது?"

"எங்க வீட்டுக்காரரோடது. லியோனார்ட். பழைய தோட்டத்துல வெட்டுற ரப்பர் மரத்த ஏத்துற தொழிலு. லோரி சேத்துல எறங்கிட்டா, கூட்டாளி ஜீப்ப எடுப்பாரு. இவரு லோரிப் பக்கம், கயித்துக்கு நேரா நின்னு கை காட்டுவாரு. எப்பவும் அப்படித்தான்."

"அய்யோ, அப்படின்னா அடி அவருமேலதான்மா விழும்! முறுக்கேறுன கயிறு சும்மா விடாது. கொக்கிய வீசி அடிக்கும். நெத்தியில பட்டா ஆளு முடிஞ்சான்."

"ஒடனேயா?"

"என்னது?"

"உயிரு. ஒடனே போயிருமா? இல்ல, கொஞ்ச நேரம் வலி தெரியுமா, அண்ணே?"

பத்துமலை அவளை உற்றுப் பார்த்தார். முகத்தைப் பார்த்தால் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி கொண்டு போகிறவள் போல இருக்கிறாள். கேட்கிற கேள்வியைப் பார்! கட்டின புருஷனுக்கு இப்படியும் ஒருத்தி நாள் குறிப்பாளா?

பதில் சொல்லப் பயந்து, பக்கத்தில் கிடந்த இரும்புக் கேட்டை இழுத்துப் போட்டார். வழக்கம்போல முதலில் ஓரத்தில் வெல்டிங் கம்பியால் ஒரு சின்ன 'உ' இழுத்தார். நெருப்பு அடங்கியதும் அது இரும்பின்மேல் புடைத்து நின்றது.

"பிள்ளையார் சுழியா, அண்ணே?"

"ஆமா. அது போடாம நான் எந்தச் சாமானையும் தொடமாட்டேன்."

"எல்லாப் பட்டறையிலயும் போடுவாங்களா?"

"எவன் போடுறான்! தாள்ல போடுவானுங்க, கணக்குல போடுவானுங்க. இந்த ஈப்போ வட்டாரத்துலயே இரும்புல சுழி போடுறவன் நான் ஒருத்தன்தான் லா."

சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எல்ஸி மெல்லத் தலையாட்டினாள். சாக்குப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி அண்ணே. பம்பர எடுத்து ஒட்டுங்க."

இதற்குமேல் பொறுக்க முடியாது என்று பத்துமலை கையில் இருந்ததை வீசிவிட்டு எழுந்தார்.

"வெளிப்படையாவே கேக்குறேன், தங்கச்சி. வீட்டுக்காரரோட சண்டையா?"

"ஒரு நாளும் என்னை ஒரு சொல்லு சொன்னதில்ல, அண்ணே. தங்கமான மனுஷன்."

"அப்புறம் ஏன் அந்த மனுஷன சாகடிக்கப் பாக்குற? நான் இத்தனை சொல்றேன், திரும்பத் திரும்ப அதையே கேக்குறியே! பிய்யும்னு தெரிஞ்சே ஒருத்தன் ஒட்டிக் குடுத்தா, அது வேல இல்ல, கொலை! இந்தப் பத்துமலை பொறந்ததுலேருந்து பம்பர்ல கொக்கி ஒட்டுனதே கெடையாது. எந்திரி. இல்லாட்டி போலீஸக் கூப்பிடுவேன்."

எல்ஸி எழுந்துகொள்ளவில்லை. அவள் கண்ணில் பயமும் இல்லை.

"கூப்பிடுங்க. தெரிஞ்சே ஒட்டிக் குடுத்தா என்னன்னு சொன்னீங்க?"

"கொலைன்னு சொன்னேன்! எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்!"

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அண்ணே, தைப்பிங்லேருந்து சிலிம் ரிவர் வரைக்கும் ஒவ்வொரு பட்டறையா ஏறி எறங்குனேன்."

சாக்குப்பையின் வாயைப் பிரித்து, உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் தூக்கி அவர் மேசைமேல் வைத்தாள். கனமான ஒரு இழுவைக் கொக்கி. அதன் அடியில் கிழிந்த பம்பர்த் தகரம் ஒட்டிக்கொண்டிருந்தது. முனையில் துரு மாதிரி ஏதோ கறுத்துக் காய்ந்திருந்தது.

"இத எங்க ஒட்ட வச்சாருன்னு சொல்லாமயே அவரு போயிட்டாரு. இந்த மழைக்காலம் தொடங்கறதுக்கு முன்னாலயே அடக்கம் பண்ணிட்டோம்."

எல்ஸி கொக்கியைப் புரட்டி, தகரத்தின் ஓரத்தை விரலால் துடைத்தாள்.

"இதுலயும் சுழி இருக்கு, அண்ணே."